உறுதியில் இருக்கும் உறவுகள்
பழைய காணிப் பதிவுகளில் குடும்பத்தைத் தேடுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன்னர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஒரு தாய் எமது அலுவலகத்திற்கு வந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பங்கிடும் அட்டை, ஒரு திருமுழுக்குச் சான்றிதழ், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு கடதாசி ஆகியன இருந்தன. 1990இல் இடம்பெயர்ந்து, பல இடங்களில் இருந்து, காணி விடுவிக்கப்பட்ட பின்னர் ஊருக்குத் திரும்பியவர். வேலி இல்லை, மதில் இல்லை, வீடு நின்ற இடத்தில் பற்றைக்காடு. வீட்டுத்திட்டத்திற்கு விண்ணப்பிப்பதற்கு உறுதி கேட்டிருக்கிறார்கள். உறுதியோ இடம்பெயர்வில் போய்விட்டது.

"சுவாமி, அது எங்கட அப்புவின்ர பரவணிக் காணி. ஊரெல்லாம் தெரியும். ஆனால் எழுத்தில காட்டச் சொல்லுகினம்" என்றார்.

ஊரெல்லாம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊரில் பாதிப் பேர் இப்போது கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். மீதிப் பேரில் எல்லையைச் சொல்லக் கூடியவர்கள் சேமக்காலையில் உறங்குகிறார்கள். ஆகவே எழுத்தைத் தேடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தேடலில் நாம் கற்றுக்கொண்டவை பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கு எழுதுகிறோம்.

வம்சாவளி தேடுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. பறங்கியர் சமூகத்தவர் 1908இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, ஒல்லாந்த மூதாதையரிலிருந்து தொடங்கும் குடும்ப வரலாறுகளைத் தமது சஞ்சிகையில் வெளியிட்டு வந்தார்கள். எமது மக்களுக்கு அது வேறு விதமான தேவை. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரும்படி கேட்டது. கோரப்படாதவை அரச காணியாகிவிடும் என்ற அச்சம் அப்போது ஊர்தோறும் பரவியது. யூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை வந்திராவிட்டால், பாட்டனின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத எத்தனை பேர் எந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்?

பெயரைத் தேடாதீர்கள், காணியைத் தேடுங்கள்

இதுதான் முதலாவது பாடம். எம்மவர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் நூறு வருடத்திற்குள் ஒரே குடும்பத்தில் மூன்று கந்தர், இரண்டு வேலர் வந்துவிடுவார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் சந்தியாப்பிள்ளைகளையும் சூசைப்பிள்ளைகளையும் எண்ணி முடியாது. போதாததற்கு, வீட்டில் ஒரு பெயர், கோவிலில் ஒரு பெயர், உறுதியில் ஒரு பெயர்.

காணியின் பெயரோ அப்படியே இருக்கும். புளியமரம் பட்டு எண்பது வருடமானாலும் "புளியடி வளவு" புளியடி வளவுதான். கலட்டியை வெட்டித் தோட்டமாக்கினாலும் உறுதியில் அது கலட்டிதான். ஆகவே ஆளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதிலும், காணியைப் பிடித்துக்கொண்டு போவதே பாதுகாப்பானது. காணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மனிதர்கள்தான் அதன் மேல் வந்து போகிறார்கள்.

அந்தத் தாய்க்குக் காணியின் பெயர் நன்றாக நினைவில் இருந்தது. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர் எதுவும் தெரியாது. கிழக்குப் பக்கத்துக் காணிக்காரர் கொழும்பில் மகனுடன் இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தோம். அவர்களிடம் உறுதி பத்திரமாக இருந்தது. அதில் மேற்கு எல்லையாக எழுதப்பட்டிருந்தது எமது தாயின் தாயாருடைய பெயர். பெயருக்குப் பின்னால் "பங்காளர்" என்ற ஒரு சொல். அந்தச் சொல்லே எமக்குத் திறப்பாக அமைந்தது.

பதிவகத்தில்

இலங்கையில் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ நொத்தாரிசு முடித்த எழுத்து வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தால் உறுதியாயிற்று. உறுதிகளைப் பதிவு செய்யும் ஒழுங்கு 1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்துடன் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம்.

நொத்தாரிசு ஒரு உறுதியை முடிக்கும்போது மூலம் காணிக்காரருக்குப் போகும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். இன்னொரு பிரதி மாதாமாதம் காணிப் பதிவகத்திற்கு அனுப்பப்படும். எனவே வீட்டில் இருந்தது எரிந்து போனாலும் உறுதி முற்றாக அழிந்து போவதில்லை. இது பலருக்குத் தெரியாது. "உறுதி துலைஞ்சுது, காணியும் துலைஞ்சுது" என்று மனமுடைந்து, வந்த விலைக்குக் கொடுத்தவர்களை நாம் அறிவோம்.

பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு ஏடும் பக்கமும் இருக்கும். அந்த இலக்கம் பதிவு செய்யப்பட்ட உறுதியின் பின்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் காணியின் பெயர், எல்லைகள், யார் யாருக்கு எழுதினார், எந்தத் திகதி, எந்த நொத்தாரிசு என்பன வரிசையாக வரும். பக்கம் நிரம்பினால் வேறொரு ஏட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டதாகக் குறிப்பு இருக்கும். புதிய பக்கத்தில் எங்கிருந்து கொண்டு வரப்பட்டது என்றும் இருக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் 1860கள் வரை போகலாம். சில ஏடுகள் பழுதடைந்துள்ளன. சிலவற்றின் ஓரங்கள் உதிர்ந்து, இலக்கங்கள் போய்விட்டன. பொறுமை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உறுதி இலக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. ஒவ்வொரு நொத்தாரிசும் தனக்கென ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார். 2145ஆம் இலக்க உறுதி ஒரே ஊரில் பத்து இருக்கலாம். இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு உறுதி. அதுபோலவே, பதிவு செய்யப்பட்டது என்பதால் மட்டும் உரிமை நிரூபணமாகிவிடாது. அது எழுத்தின் பதிவே ஒழிய உரித்தின் பதிவன்று. உரித்தையே பதிவு செய்யும் சட்டம் 1998இல்தான் வந்தது.

கொழும்பு உறுதியின் பின்புறத்து இலக்கத்தை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்தோம். எமது தாயின் சீதன உறுதியும் அதிலிருந்து கிடைத்தது. ஆனால் அவர் சொன்ன "அப்புவின்ர பரவணி" அதில் இல்லை. பாட்டனாரின் பெயர் எங்குமே உரிமையாளராக வரவில்லை. காணி பாட்டிக்குச் சீதனமாக வந்தது. பாட்டிக்கு அவருடைய தாய் கொடுத்தது. தாயிலிருந்து மகள், மகளிலிருந்து மகள்.

தேசவழமையை அறிந்தவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். 1706–1707இல் ஒல்லாந்த திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புதல் அளித்த அந்த வழமைத் தொகுப்பில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனம் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய வழமைப்படி தாயின் சீதனம் பெண் பிள்ளைகளையே சேரும். ஆங்கிலேயர் 1806இல் இதனைச் சட்டமாக ஏற்றனர். 1911இல் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. ஆகவே யாழ்ப்பாணத்தில் தகப்பன் வழியாக மட்டும் தேடுபவர் பாதிக் குடும்பத்தைத் தவறவிடுவார். ஊரில் ஆண்களின் பெயர்தான் வாயில் நிற்கும். காணி பெண்களின் பெயரில் நடந்திருக்கும். அந்தத் தாய்க்கு இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப ஆச்சியின்ர காணியிலதான் அப்பு அவ்வளவு அதிகாரம் செய்தவரோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பின்னங்கள் சொல்லும் கதை

உறுதிகளில் வரும் பின்னங்களை யாரும் விரும்பி வாசிப்பதில்லை. ஆனால் குடும்பம் அங்கேதான் இருக்கிறது.

மூலக்காணி 16 பரப்பு. யாழ்ப்பாணத்து வரகுக் கணக்கில் அது ஒரு ஏக்கர். (நெல்வயலாயின் ஏக்கருக்கு 24 பரப்பு வரும். இந்த வேறுபாட்டை மறந்து கணக்குப் பார்த்துச் சண்டை பிடித்த அயலவர்களை நாம் விலக்குப் பிடித்திருக்கிறோம்.) எமது தாயின் பாட்டிக்குக் கிடைத்தது 1 1/3 பரப்பு, அதாவது 1/12 பங்கு. அதே பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்களுக்குத் தலா 1/12. ஆகவே மூவர் சகோதரிகளாக இருக்க வேண்டும், அவர்களின் தாய்க்கு 1/4 இருந்திருக்க வேண்டும். வேறிடத்தில் இருவருக்குத் தலா 1/8. அதுவும் ஒரு 1/4இன் பிளவு. கிழக்கு அயலவரின் மூதாதையர் முழு 1/4ஐயும் பிரிக்காமலே வைத்திருந்தார். இப்படிக் கூட்டிப் பார்த்தால் 3/4 வருகிறது. வேரில் நான்கு பிள்ளைகள் என்பது விளங்கியது. பின்னர் கிடைத்த 1860களின் கொள்வனவு உறுதி அதை உறுதிப்படுத்தியது. கணவனும் மனைவியுமாகத் தேடிய காணி அது, நான்கு பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து அந்தத் தம்பதியரின் பெயரை அவர்களின் வழித்தோன்றல்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை.

பின்னத்தைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 1/12 என்பது நான்கில் மூன்றிலொன்றாகவும் இருக்கலாம், இரண்டில் ஆறிலொன்றாகவும் இருக்கலாம். ஒரு பங்காளர் மற்றவரின் பங்கை விலைக்கு வாங்கியும் இருக்கலாம். அதனால் ஒரு உறுதியை வைத்து அல்ல, பக்கத்துக் காணிகள் எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு உதவுபவை எல்லைகளும் கிணறும். ஒரு வளவு பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படும்போது அண்ணனின் தெற்கு எல்லை தங்கையாகிவிடுவார். எனவே பழைய உறுதியில் நான்கு எல்லைக்காரரில் இருவரேனும் இரத்த உறவினராக இருப்பது வழக்கம். உறுதியின் முடிவில் "கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும்" என்று ஒரு வரி வரும். எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் நிலத்தைப் பிரித்து மூன்று தலைமுறை ஆன பின்னும் கிணறு குடும்பத்தை ஒன்றாக வைத்திருக்கும். சாட்சிக் கையெழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். சீதன உறுதிக்குச் சாட்சி வைத்தவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ சிறிய தகப்பனாகவோ இருப்பார்.

காணித்தகராறு நடந்த குடும்பம் என்றால் தேடுபவருக்கு அதிர்ஷ்டந்தான்! பாகப்பிரிவினை வழக்குகளில் வம்சாவளி சமர்ப்பிக்கப்பட வேண்டும். இறந்தவரின் ஆதனம் பற்றிய மரணசாதன வழக்குகளிலும் உரித்தாளர் பட்டியல் இருக்கும். சகோதரர் ஒற்றுமையாக வாழ்ந்த வீட்டில் கடதாசி குறைவு.

அதற்கும் முன்னால்

1860களுக்கு அப்பால் போக விரும்புபவர்கள் தோம்பைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். தோம்பு என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. கோட்டை இராச்சியப் பகுதிகளுக்கு அன்ராவ் வாஸ் பிரெய்ரே என்ற அதிகாரி 1614 அளவில் ஒரு தோம்பைத் தொகுக்கத் தொடங்கினார். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கைக்குப் போனது. இங்குள்ள கிராமங்களும் வருமானங்களும் 1645ஆம் ஆண்டின் ஏட்டில் எழுதப்பட்டன. பி. ஈ. பீரிஸ் அதை ஆதாரமாகக் கொண்டு 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். அது கிராமங்களின் கணக்கு. உங்கள் பாட்டனாரை அதில் தேட வேண்டாம்.

ஒல்லாந்தர் தோம்பு அப்படியல்ல. தலைத் தோம்பில் குடும்பத் தலைவன், மனைவி, பிள்ளைகள், வயது, செய்ய வேண்டிய சேவை என்பன வரும். காணித் தோம்பில் வளவு, வயல், தென்னை, பலா எத்தனை என்பது வரை வரும். தென்மேற்குக் கரையோரத்திற்கு 1740களில் தொடங்கி 1770களின் ஆரம்பம் வரை எழுதப்பட்டவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணத் தொகுதி 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. எழுத்து பழைய ஒல்லாந்த மொழி. அறிந்தவரின் துணை இல்லாமல் வாசிக்க முடியாது. பள்ளித் தோம்பு என்று இன்னொன்றும் உண்டு. ஒல்லாந்தர் காலத்துப் பள்ளிக்கூட உபாத்தியார் எழுதி வைத்த திருமுழுக்கு, விவாகப் பதிவுகள் அதில் உள்ளன.

அக்காலத்தில் காணி விற்பனையை விற்பவரின் கோவிலில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிக்க வேண்டும் என்ற ஒழுங்கு தேசவழமையில் காணப்படுகிறது. வாங்க உரிமையுள்ள பங்காளரோ உரித்தாளரோ அதற்குள் முன்வர வேண்டும். எமது கோவில்களில் விவாக ஓலை வாசிப்பதைப் போன்ற ஒன்று இது. காணி கைமாறுவதும் ஊர் அறிய நடக்க வேண்டிய காரியமாகவே கருதப்பட்டது.

தோம்பு எதற்காக எழுதப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. வரிக்காக. நிலவரி, தலைவரி, வருடத்திற்குப் பன்னிரண்டு நாள் ஊழியம் என்பவற்றை அறவிடுவதற்காக. 1697இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற கொமாண்டர் சுவார்டகுரோன் தமக்குப் பின் வருபவருக்கு எழுதி வைத்த குறிப்பில் தோம்பும் இவ்வரிகளும் பேசப்படுகின்றன. வரி எழுத வருபவனிடம் எவரும் முழு உண்மையையும் சொல்வதில்லை. வயதைக் கூட்டியிருப்பார்கள், மகனை மறைத்திருப்பார்கள், தென்னையைக் குறைத்திருப்பார்கள். ஆகவே தோம்பில் இல்லை என்பதால் அப்படி ஒருவர் இருக்கவில்லை என்று ஆகாது.

இன்னொன்றைச் சொல்லத் தயங்குகிறோம், சொல்லாமல் விடவும் முடியவில்லை. இந்த ஏடுகளும் உறுதிகளும் காணி இருந்தவர்களுடைய நினைவு. தேசவழமைத் தொகுப்பிலேயே அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு. 1844இல் அடிமைமுறை ஒழிக்கப்படும் வரை, எம்மிடையே சிலருடைய மூதாதையர் உடைமையாளராக அல்ல, உடைமையாகவே எழுதப்பட்டார்கள். தோட்டம் கொத்தியவர், கிணறு வெட்டியவர், பனை ஏறியவர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் எம்மிடம் வந்து "எங்களுக்கும் பார்த்துத் தாருங்கோ" என்று கேட்கும்போது காட்டுவதற்கு எம்மிடம் ஏடு மிகக் குறைவு. அவர்களுக்குப் பெரும்பாலும் பங்குப் பதிவேடே உதவுகிறது. 1847இல் அமலமரித் தியாகிகள் வந்த பின்னர் வைக்கப்பட்ட திருமுழுக்குப் பதிவேடுகள் பல இலத்தீனில் உள்ளன. பெயர்கள் அங்கு உருமாறியிருக்கும். ஆனால் காணி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவான வரிதான் கிடைத்திருக்கிறது. ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களைக் கவனமாகப் பாருங்கள், உறவு அங்கே ஒளிந்திருக்கும்.

வன்னிக்குப் போனால் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காடும் தரிசுமாகக் கிடந்த நிலத்தை முடிக்குரியதெனக் கொண்டது. பின்னர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றங்களில் போமிற் வழங்கப்பட்டது. அங்கு தேட வேண்டிய இடம் பதிவகமன்று, பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. போமிற்றில் பின்னுரித்தாளர் யார் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள்.

காணாமற்போன கால்பங்கு

மூன்று கால்பங்கு கிடைத்தது என்றோம். நான்காவது?

நான்காவது பிள்ளை ஆண். அவருடைய கால்பங்கு, நாலு பரப்பு, எந்த உறுதியிலும் கைமாறவில்லை. நூறு வருடத்திற்கு மேலாக அந்தப் பெயரிலேயே நிற்கிறது. பங்குப் பதிவேட்டில் திருமுழுக்கு இருக்கிறது, விவாகம் இல்லை, அடக்கம் இல்லை. அந்தத் தாயிடம் கேட்டபோது, "மலாயாவுக்குப் போன ஒரு பெரியப்பு இருந்தவராம், காசு அனுப்பினவராம் எண்டு அம்மா சொல்லுறவ" என்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் யாழ்ப்பாணத்து இளைஞர் அங்கு சென்றது எல்லோரும் அறிந்ததே. காசு வந்தது, ஆள் வரவில்லை.

இந்த நாலு பரப்புக்குள்தான் சிக்கல் இருந்தது. விடுவிக்கப்பட்ட பின்னர் எல்லைகள் அழிந்திருந்தபடியால், பங்காளர்களில் ஒரு பகுதியினர் அதையும் தமது பங்காகச் சேர்த்து அளந்து தூண் நட்டிருந்தார்கள். தூண் ஒன்று எமது தாயின் 1 1/3 பரப்புக்குள் நின்றது. அவர்களிலும் பிழை சொல்ல முடியாது. அவர்களுடைய தகப்பன் அந்தத் துண்டில் மரவள்ளி நட்டு ஆண்டவர்.

உறுதிகளின் பிரதிகளை எல்லாம் ஒரு மேசையில் விரித்து, இரு பகுதியினரையும் இருத்தி, பின்னங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் காட்டினோம். அதுவரை ஒருவரையொருவர் "அந்த ஆக்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். மூன்றாவது தலைமுறையில் தமது பாட்டிமார் சகோதரிகள் என்பது அன்றுதான் தெரிந்தது. அதனால் உடனே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் ஒரு கிழவர் மட்டும் எழுந்து, "கிணறு எங்க எண்டு முதல் பார்ப்பம்" என்றார்.

எல்லா உறுதியிலும் கிணற்றுப் பங்கு இருந்தது. கிணறு தூர்ந்து, அதன்மேல் பற்றை வளர்ந்திருந்தது. இரண்டு நாள் வெட்டித் துப்புரவாக்கியபோது கட்டுக்கல் தெரிந்தது. அங்கிருந்து நில அளவையாளர் அளந்தார். தூண் பத்து அடி தள்ளி நடப்பட்டது.

எமது தாய்க்குப் பிரதி அத்தாட்சிப்படுத்தப்பட்டு வந்துவிட்டது, அத்திவாரமும் போட்டாயிற்று. மலாயாக்காரரின் நாலு பரப்பைச் சுற்றி இப்போதைக்குக் கிளுவை மட்டும் நட்டிருக்கிறார்கள். கோலாலம்பூரில் யாராவது கேட்டு வந்தால் காட்டுவதற்காக ஒரு பிரதி எமது அலுவலக அலுமாரியில் இருக்கிறது.